சிரித்த வாயில் சோறு

1

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் எங்கள் பக்கத்து வீட்டு மரைக்காயர் வந்து வாசலில் நின்றார். காயல்பட்டினத்துக்காரர். பினாங்கில் எங்களுக்கு முன்பே வந்து துணிக்கடை வைத்தவர். அவருடைய மகள் வயிற்றுப் பேரன் இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

"பிள்ளைவாள், ஒரு நடை வந்துட்டுப் போங்களேன். நீங்க வந்து நாலு சேட்டை பண்ணினா பய வாயத் தொறப்பான்லா?"

இந்தச் சந்தில் எனக்கு அப்படி ஒரு கீர்த்தி. பாட்டுப் பாடுவேன் என்றோ, பணம் வைத்திருக்கிறேன் என்றோ யாரும் என்னைத் தேடி வந்ததில்லை. மூடிக்கொண்ட குழந்தை வாயைத் திறக்க வைப்பவன் என்றுதான் வருவார்கள்.

"காய்ச்சல் இருக்கா?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் இல்ல. நேத்து ரிக்‌ஷாவுக்குப் பின்னாலயே தெருக்கோடி மட்டும் ஓடினான்."

"அப்பொ விடுங்க மரைக்காயரே. பசிச்சா தின்பான். நான் அந்தத் தொழில விட்டு ரெண்டு தை ஆகுது."

"என்ன வே, கள்ளுக்குடிய விட்டவன் மாதிரி சொல்லுதீரு?"

அவர் சிரித்தார். நானும் சிரித்தேன். கள்ளை விட்ட ஆட்கள் சிலரை எனக்குத் தெரியும். அவர்கள் பாடு என் பாட்டைவிட லேசு.

எங்கள் ஊரான முக்கூடலில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்குக் கதையில் பாதி தெரியும். 'பினாங்குக்காரன் வந்து அண்ணன் மகளின் சிறுவீட்டை இடித்துவிட்டுப் போனான்' என்று ஆற்றங்கரைப் படித்துறையில் இன்றைக்கும் பேசிக்கொள்வதாக அண்ணன் காகிதம் எழுதியிருக்கிறார். இடித்தது உண்மை. மற்றப் பாதியை நான் சொன்னால்தான் உண்டு.

2

எங்கள் மகள் கோமு பிறப்பதற்கு முன்னால் எங்களுக்கு ஒரு மகன் இருந்தான். பினாங்குக்கு வந்த இரண்டாம் வருஷம் அவனுக்குக் காய்ச்சல் கண்டது. கடைசி நாலு நாள் வாயைத் திறக்கவில்லை. என் மனைவி செண்பகம் சங்கில் பாலை வைத்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தாள். பால் உதட்டோரம் வழிந்ததே தவிர உள்ளே இறங்கவில்லை. இதற்கு மேல் இதை எழுத எனக்கு வரவில்லை.

அதற்குப் பிறகு கோமு. ஒரு குழந்தை வாயை மூடிக்கொண்டால் எனக்கு அந்த நாலு நாள் திரும்பி வந்துவிடும். துறைமுகக் கிட்டங்கியில், அதாவது சரக்குக் கிடங்கில், நான் கணக்கெழுதுகிற கிராணி. மூன்று பாஷையில் கூலிகளை அதட்டுகிறவன். வீட்டுக்கு வந்து, ஆறு மாதக் குழந்தை முகத்தைத் திருப்பிக்கொண்டால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பேன்.

ஊரில் இருந்தால் ஆம்பிளை பிள்ளைக்கு ஊட்டுகிறானே என்று சிரிப்பார்கள். பினாங்கில் சிரிக்க உறவுக்காரர் யாரும் இல்லை. ஆகவே ஊட்டும் உத்தியோகத்தை நானே எடுத்துக்கொண்டேன். சீக்கிரமே ஒரு வித்தை பிடிபட்டது. எங்கள் பெரிய கிராணி தும்முவதை நடித்துக் காட்டுவேன். அந்த மனிதர் தும்முவதற்கு முன் மூக்கு ஒரு பக்கம் போகும், காது ஒரு பக்கம் போகும், கடைசியில் தும்மல் வராமலே போய்விடும். கோமு 'ஹா' என்று சிரிப்பாள். சிரித்தால் வாய் திறக்கும். திறந்தால் என் கையில் தயாராக இருக்கும் உருண்டை உள்ளே போய்விடும். முழுங்கி முடிப்பதற்குள் அடுத்த தும்மல்.

வயிறு நிறைந்ததா என்று அவளிடம் யாரும் கேட்டதில்லை. தட்டு காலியானதா என்றுதான் பார்த்தோம். அழுதால் டப்பாப் பால், ஒரு கரண்டி, கெட்டியாக, தித்திப்பாக. அழாவிட்டால் ஏன் அழவில்லை என்று டப்பாப் பால். தூங்கி எழுந்தால் பிஸ்கோத்து. தூங்கப் போகையில் இன்னொரு பிஸ்கோத்து, கனவில் பசிக்கக் கூடாதே என்று.

ஆறு வயதில் அவள் கைக்கு ஐந்து வயதில் செய்த வளையல் ஏறவில்லை. மாடிப்படி பாதியில் உட்கார்ந்துவிடுவாள். தூங்கும்போது மூச்சு கரகரக்கும். ரிக்‌ஷாக்காரன் அவளைப் பார்த்ததும் குனிந்து சக்கரத்தை ஒரு தடவை ஆட்டிப் பார்த்துக்கொள்வான். நான் சிரிப்பேன். அவள் சிரிக்கவில்லை என்பது அப்போது என் கண்ணில் படவில்லை.

3

ரூபாயில் புது ராஜாவின் தலை வந்த காலம். காதுகுத்தக் கோமுவை ஊருக்குக் கூட்டிக்கொண்டு கப்பல் ஏறினோம். நாகப்பட்டினத்தில் இறங்கியதும் காய்ச்சல் பார்க்கிற கொட்டகையில் வரிசையாக நிறுத்தினார்கள். கையில் நாலு காகிதம். ஒன்றில் என் பெயரில் ஒரு எழுத்துக் கூடி இருந்தது, இன்னொன்றில் ஒன்று குறைந்திருந்தது. நானும் அந்த இரண்டு பேரும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்கவே காலைப்பொழுது போயிற்று.

பிறகு வெள்ளைக்கார டாக்டர் கோமுவின் முழங்காலுக்குக் கீழே கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நீர் கோத்த கால் என்றால் குழி அப்படியே நிற்குமாம். வியாதி இருந்தால் ஊருக்கு விடாமல் கொட்டகையிலேயே நிறுத்திவிடுவார்கள். அவர் விரலை எடுத்தார். நான் அந்த இடத்தையே பார்த்தேன். என் காலில் யாராவது அழுத்தியிருந்தால் குழியென்ன, கிணறே விழுந்திருக்கும். கோமுவின் காலில் குழி விழவில்லை.

நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். அவர் இங்கிலீஷில் சொன்னதைக் கம்பவுண்டர் தமிழில் சொன்னார்.

"குழந்தை தானா சாப்பிடுதா, ஊட்டுறீங்களான்னு துரை கேக்கிறார்."

"ஊட்டுறோம்."

"யாரு, சம்சாரமா?"

"நான்தான்" என்றேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன் போலிருக்கிறது.

டாக்டர் என்னை மேலும் கீழும் பார்த்து என்னவோ சொன்னார். கம்பவுண்டர் தயங்கினார். "நோய் குழந்தைக்கு இல்லையாம். உமக்குத்தானாம்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். முழு ஆயுசும் பிறரைச் சிரிக்க வைத்தவன் நான், எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் கம்பவுண்டர் அடுத்ததையும் சொன்னார்: இந்த மூச்சு வாங்கல் நல்லதில்லை. இப்படியே ஊட்டிக்கொண்டு போனால் வளர வளர அவள் நெஞ்சு இந்தப் பாரத்தைத் தாங்காது.

4

உடனே திருந்திவிட்டேன் என்று நினைக்கிறீர்களா? பயத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், அவ்வளவுதான். சட்டையின் உள்பக்கம் வெளியே வந்தது போல.

ரயிலில் ஏறியதும் பிஸ்கோத்து டப்பாவை என் படுக்கைச் சுருளுக்குள் ஒளித்தேன். கோமு அதன் மேல் சாய்ந்து படுத்துக்கொண்டாள். தஞ்சாவூர் தாண்டுவதற்குள் கண்டுபிடித்துவிட்டாள். மதுரையில் இட்லி வாங்கி இரண்டுதான் என்றேன். அழுதாள். அழுகிறாளே என்று நாலு கொடுத்தேன். நாலு தின்றுவிட்டாளே என்று நான் பட்டினி கிடந்தேன். என் பட்டினியால் அவள் எப்படி இளைப்பாள் என்று செண்பகம் கேட்டாள்.

முக்கூடலில் எங்களுக்கு வரவேற்பு பிரமாதம். தெருப் பெண்கள் கோமுவின் கன்னத்தைப் பிடித்து உருவினார்கள். "பினாங்குச் சோறு பேசுது பாத்தியா! கொழுக்கு மொழுக்குன்னு என்னமா இருக்கா!" ஒவ்வொருத்தியும் கையில் எதையாவது வைத்தாள், முறுக்கு, எள்ளுருண்டை, வாழைப்பழம். நான் பின்னாலேயே போய் ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். என் அண்ணன் மனைவி, பகவதி மதினி, நடுத்தெருவில் வைத்தே கேட்டாள்:

"என்ன கொழுந்தனாரே, பச்சப் பிள்ள கையில இருக்கிறதப் பறிச்சுத் திங்கீரு? பினாங்குல பஞ்சமா?"

காலையும் மாலையும் ஒரு நூலால் கோமுவின் இடுப்பை அளந்து முடிச்சுப் போட்டேன். மாலை முடிச்சு எப்போதும் காலை முடிச்சைத் தாண்டியே இருந்தது. சாப்பிட்டால் வயிறு பெரிதாகும் என்பது பரீட்சை பாஸ் செய்த கிராணிக்குத் தோன்ற மூன்று நாள் ஆயிற்று.

நான் ஒளிக்க ஒளிக்க அவள் தேடினாள். முன்பு அவள் கேட்டதே இல்லை, நாங்கள்தான் திணித்தோம். இப்போது கண் முழுக்க அடுக்களை மேல் இருந்தது. ஒரு மத்தியானம் ஆளைக் காணோம். தேடினால், நெற்குதிருக்குப் பின்னால் இருட்டில் உட்கார்ந்து கருப்பட்டியைக் கடித்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் மிச்சத்தை அவசரமாக வாய்க்குள் அடைத்துக்கொண்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. ருசித்துத் தின்கிறவள் முகம் இல்லை அது. பிடிபட்டவள் முகம்.

செண்பகம் அன்றைக்கு என்னிடம் சொன்னாள்: "திணிச்சதும் நீங்கதான், இப்பம் திருட வைக்கதும் நீங்கதான். நானும் சேர்ந்துதான், இல்லங்கல. ஆனா அந்தப் பிள்ளைக்கு என்ன வேணும்னு அதுக்காவது தெரியுமா?"

5

நடுவில் இன்றைய சமாசாரம் கொஞ்சம். இல்லாவிட்டால் நாங்கள் இங்கே கதை சொல்லியே பிழைக்கிறோம் என்று நினைத்துக்கொள்வீர்கள்.

காலை ஆறரைக்குத் துறைமுகச் சங்கு ஊதும். நான் கிட்டங்கிக்குப் போகிறேன். கோமு இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துக்குப் போகிறாள். எட்டு வயது. இன்னும் உருண்டையாகத்தான் இருக்கிறாள், எலும்பும் தோலுமாகிவிட்டாள் என்று பொய் எழுத மாட்டேன். ஆனால் மாடிப்படியை ஒரே மூச்சில் ஏறுகிறாள். பள்ளிக்கூடத்தில் ஒரு விண்ணப்பக் காகிதம் கொடுத்து, குழந்தையின் சொந்த ஊரை எழுதச் சொன்னார்கள். நான் முக்கூடல் என்று எழுதினேன். அவள் அதை வாங்கிப் பார்த்து, "அது ஒங்க ஊருலா அப்பா? எனக்கு பினாங்குதான்" என்றாள். சாப்பாட்டை 'மக்கான்' என்கிறாள், மலாய்க்காரப் பிள்ளைகளோடு பழகி. ஆற்றை 'சுங்காய்' என்கிறாள். தாமிரபரணியைச் சுங்காய் என்று ஒருத்தி சொல்லக் கேட்ட முதல் முக்கூடல்காரன் நான்தான். அவள் எனக்குத் தெரியாத ஏதோ ஒரு பக்கமாகப் போய்க்கொண்டிருக்கிறாள். அதற்கு இந்த வித்தைக்காரனிடம் வித்தை எதுவும் இல்லை.

ஒன்று மட்டும் அவள் மாற்றிச் சொல்லவில்லை. சிறுவீட்டை அவள் சிறுவீடு என்றே சொல்கிறாள்.

6

வேறு சீமைக்காரர் யாராவது இதைப் படித்தால் அவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் பக்கத்தில் மார்கழி முழுக்க வாசல் கோலத்தில் சாண உருண்டை வைத்து அதில் பூசணிப்பூ செருகுவார்கள். அந்தச் சாணத்தைத் தட்டிக் காய வைப்பார்கள். பொங்கலுக்குப் பிறகு, வீட்டுப் பெண் குழந்தைகளுக்காக முற்றத்தில் மண்ணால் ஒரு குட்டி வீடு கட்டிக் கொடுப்பார்கள். இடுப்பளவு சுவர், ஒரு வாசல், கூரை கிடையாது. அதற்குள்ளே குழந்தைகளே அடுப்பு மூட்டிப் பொங்கல் வைத்து, காய்ந்த வறட்டியையும் பொங்கலையும் ஆற்றில் கொண்டுபோய் விடுவார்கள். வீடு அவர்களுடையது. பெரியவர்கள் அதற்குள் போவதில்லை.

அந்த வருஷம் வீட்டுக்காரி அண்ணன் மகள் ஆவுடை. பத்து வயது. தாசில்தார் தோற்றார், அப்படி ஒரு அதிகாரம். தெருவில் இருந்து மூன்று சிறுமிகள், ஐந்தாவதாகக் கோமு.

நான் சுவருக்கு வெளியே நிலைகொள்ளாமல் நின்றேன். அரிசி, பருப்பு, வெல்லம், நெய். இவ்வளவு தித்திப்பும் என் மகள் வயிற்றுக்குள் போனால்? அதே மூச்சில் இன்னொரு பயம்: அந்தச் சின்னப் பானையை ஐந்து பேர் பங்கு போட்டால் இவளுக்குக் காணுமா? இரண்டு பயமும் ஒரே நேரத்தில் ஒரு மனிதனுக்கு வரலாம் என்பதை உங்களுக்குத் தெரிவித்துக்கொள்கிறேன்.

"ஏட்டி கோமு, அடுப்பப் பாத்துக்கோ. பைய ஊது, சாம்பல் பறக்குது" என்றாள் ஆவுடை.

கோமு குனிந்து ஊதினாள். ஈர விறகு. புகை. கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினாள். ஒரு நாழிகைக்கு மேல் ஆயிற்று. அவள் வாழ்நாளில் சோற்றுக்காகக் காத்திருந்தது அதுவே முதல் தடவை. பானை பொங்கியபோது ஐந்து பேரும் குலவையிட்டார்கள். கோமுவுக்குக் குலவை வரவில்லை, கப்பல் ஊதுவது போல ஒரு சத்தம் போட்டாள். மற்றவர்கள் உருண்டு சிரித்தார்கள்.

"நீதான் அடுப்பு பாத்தவ. நீயே எடுத்து வை" என்று அகப்பையை அவள் கையில் கொடுத்தாள் ஆவுடை. கோமு நாலு இலைக்கும் வைத்தாள். பிறகு தன் இலையில் வைத்தாள். உட்கார்ந்தாள். இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். இலையில் இருந்து தன் கையால் சோறு எடுத்துத் தின்னும் பழக்கமே அவளுக்கு இல்லையே!

எனக்குத் தாங்கவில்லை. என் மூக்கு தானாக ஒரு பக்கம் போயிற்று. காது மறுபக்கம் போயிற்று. பெரிய கிராணியின் தும்மலைச் சுவருக்கு மேலே நீட்டி அரங்கேற்றினேன். நாலு சிறுமிகளும் வாயைப் பிளந்துகொண்டு சிரித்தார்கள். சோற்றுப் பருக்கை தெரிய, முன்பல் விழுந்த ஓட்டை தெரிய.

கோமுவும் சிரித்தாள். தோள் குலுங்கச் சிரித்தாள். ஆனால் இடது கையால் வாயை இறுகப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

நான் அப்படியே நின்றேன். என் மகள் பொத்திக்கொண்டு சிரிக்கப் பழகியிருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. சிரித்தால் சோறு வரும் என்று அவள் அறிந்து வைத்திருந்தாள். பிறந்ததில் இருந்து நான் அவளைச் சிரிக்க வைத்தேன் என்று இறுமாந்திருந்தேன். அந்தச் சிரிப்பில் ஒன்றுகூட அவளுக்கே அவளுக்கென்று இருந்ததில்லை.

சுவரில் சாய்ந்தேன். ஈரம் காயாத சுவர். ஒரு பக்கம் பொலபொலவென்று சரிந்தது. நானும் அதோடு சரிந்தேன். இதுதான் ஊர் பேசுகிற பாதி.

"சித்தப்பா! இது எங்க வீடு! வெளிய போங்க!" என்று ஆவுடை அகப்பையை ஓங்கிக்கொண்டு வந்தாள். போனேன். முற்றத்துக் கோடியில் மண்ணோடு மண்ணாக உட்கார்ந்தேன். மதினி நடையில் நின்று கண்ணில் நீர் வரச் சிரித்தாள். செண்பகம் சிரிக்கவில்லை. அவளும் அந்தக் கையைப் பார்த்திருந்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் சுவர் விழுந்த இடைவெளி வழியாகப் பார்த்தேன்.

கோமு பொத்திய கையை எடுத்தாள். என்னைப் பார்த்தாள். நான் வெகு தூரத்தில், வெறுங்கையோடு இருந்தேன். மெதுவாக விரல் நுனியால் ஒரு கவளம் எடுத்தாள். சுட்டது. ஊதினாள். வாயில் வைத்தாள். மென்றாள். மென்றுகொண்டே இருந்தாள். என் ஆட்சியில் ஒரு கவளத்துக்கு அவ்வளவு நேரம் கிடைத்ததில்லை. இரண்டாவது. மூன்றாவது. நடுவில் யாரோ சொன்ன பேச்சுக்குச் சிரித்தாள், வாயைத் திறந்து. நான் விரலால் எண்ண ஆரம்பித்து, சீ என்று கையை மடித்துக்கொண்டேன்.

இலையில் பாதிக்கு மேல் மிச்சம் இருக்கும்போது நிறுத்தினாள்.

"இன்னும் தின்னுட்டி" என்றாள் ஆவுடை.

கோமு தலையைச் சற்றுச் சாய்த்தாள். உள்ளே யாரோ பேசுவது போலவும் அதை இவள் கேட்பது போலவும் இருந்தது. எங்கள் கிட்டங்கியில் ஆள் உயரத் தராசு இருக்கிறது. மூட்டையை வைத்தால் முள் ஆடி ஆடி ஓர் இடத்தில் நிற்கும். அப்படித்தான் அவள் முகம் ஆடி நின்றது.

"போதும்" என்றாள்.

வெல்லமும் நெய்யும் ஒழுகும் பொங்கல். நெற்குதிருக்குப் பின்னால் ஒளிந்து கருப்பட்டி தின்றவள். யாரும் தடுக்கவில்லை, யாரும் திணிக்கவில்லை, போதும் என்றாள். ஒரு சாண் வயிற்றுக்குள் இப்படி ஒன்றை வைத்து அனுப்பியவன் எவனோ, அவனுக்கு என் கும்பிடு. எங்கள் சத்தத்தில் அது இத்தனை காலமும் எப்படிச் சாகாமல் கிடந்தது என்பதுதான் எனக்கு இன்றுவரை விளங்காத ஆச்சரியம்.

மிச்சத்தை இலையோடு எடுத்துக்கொண்டு ஐந்து பேரும் ஆற்றுக்குப் போனார்கள். மழைத் தண்ணீர் தெளிந்து, படித்துறையின் கடைசிப் படிவரை நிறைய ஓடியது. கோமு பத்துப் படிக்கு ஒரு தரம் நின்று மூச்சு வாங்கி இறங்கினாள். மீன்கள் இலையைச் சுற்றிக்கொண்டன. "அதுகளும் போதும்னு போயிரும் பாரு" என்று அவள் ஆவுடையிடம் சொன்னது படிக்கட்டின் மேல் நின்ற எனக்குக் கேட்டது.

7

வெற்றி என்று நினைத்தேன். இரண்டு மணி நேரம் நினைத்தேன்.

மத்தியானம் எல்லோருக்கும் இலை போட்டு மதினி சொதி ஊற்றினாள். தேங்காய்ப்பால் வாசனை தெருவுக்கே போயிற்று. கோமு வந்தாள். இலையைப் பார்த்தாள். "வேண்டாம்" என்றாள். உதட்டை மூடிக்கொண்டாள்.

மூடிய வாய்.

என் கை எனக்குத் தெரியாமல் அவள் இலைச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தது.

"கைய எடுங்க" என்றாள் செண்பகம்.

"ஒரு வாய். ஒரே ஒரு வாய், செண்பகம்."

"எடுங்க." சங்கைப் பிடித்துக்கொண்டு நாலு நாள் உட்கார்ந்திருந்தவள் அவள், நான் இல்லை.

எடுத்தேன். கோமு விளையாட ஓடிவிட்டாள். அந்த இலை அப்படியே இருந்தது. அதை எடுக்கவும் விடாமல் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். பிறகு தெருவுக்குப் போனேன். அவள் பாண்டி ஆடுவதை வேப்பமரத்து மறைவில் நின்று பார்த்தேன். நெற்றி சுடுகிறதா என்று பார்க்க, பந்து தேடுகிறவன் போல நடித்துப் போய்த் தொட்டேன். சுடவில்லை. அரை நாழிகை கழித்து மறுபடி பந்து தேடினேன். "ஒங்க அப்பாவுக்கு என்னட்டி ஆச்சு?" என்று ஒரு சிறுமி கேட்டாள். "அவங்க அப்படித்தான்" என்றாள் கோமு. பொழுது சாய்கிறவரை அந்தப் பந்து கிடைக்கவில்லை. செண்பகம் ஒரே முறத்து அரிசியை மூன்று தடவை புடைத்தாள்.

விளக்கு வைக்கும் நேரம். நாங்கள் இருவரும் அடுக்களை வாசலில் உட்கார்ந்திருந்தோம். மதினி உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தாள். கோமு புழுதிக் காலோடு எங்களைத் தாண்டி உள்ளே போனாள். மதினியின் சேலையைப் பிடித்து இழுத்தாள்.

"பெரியம்மா, பசிக்குது."

"காலக் கழுவிட்டு வாட்டி, அழுக்கு மூட்ட" என்றாள் மதினி திரும்பிப் பார்க்காமலே. 'பசிக்குது' என்பது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை அந்த வீட்டில் கேட்கிற சொல். அவள் தோசையைத் திருப்பிப் போட்டாள்.

எங்கள் மகள் அதுவரை அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. பினாங்கில் இல்லை, கப்பலில் இல்லை, ஒரு நாளும் இல்லை. சொல்ல நாங்கள் இடம் கொடுத்ததில்லை. செண்பகம் என் தோளைப் பற்றினாள். தெருவில் சாமி வரும்போது எழுந்திருப்பது போல இரண்டு பேரும் எழுந்து, சுவரோரம் ஒதுங்கி, கால் கழுவ ஓடுகிற பிள்ளைக்கு வழிவிட்டு நின்றோம்.